மாவு கேக்குக்கு, வெளிச்சம் கல்லுக்கு

கேள்வி-பதில்

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரியில் ஒரே வீட்டிலிருந்து ஐந்து பேர் ஒரே உறையில் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், அம்மா, அப்பா, பட்டு நெய்யும் தாத்தா, பாட்டி. இந்த வாரம் முழுக்க அவர்களுக்குத்தான்.

மகள்: போட்டோ எடுப்பது, கேக் செய்வது, வீட்டோடு ஊர் சுற்றுவது மூன்றுமே எனக்குப் பிடிக்கும். "ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்கிறார்கள். எதை விடட்டும்?

எதையும் விடாதே. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடவேண்டும். உன் தாத்தா என்றைக்காவது ஒரு நாடாவைத் தூக்கிப் போட்டிருக்கிறாரா, கேட்டுப் பார்.

மகள்: தாத்தா நெய்வதைப் போனில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது. ஜரிகை வெள்ளையாக எரிகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

கேமரா வாங்கினாலும் அந்தப் பட்டை கூடவே வரும். குற்றம் டியூப்லைட்டில். நம் வீட்டு மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். போனில் 'ப்ரோ' என்று ஒரு வசதி இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வை. பட்டை போய்விடும். 1/50இல் இன்னொரு லாபமும் உண்டு. தாத்தாவின் முகமும் தோளும் தெளிவாக நிற்கும், நாடா மட்டும் கோடாக இழுபடும். தறி ஓடுகிறது என்பதைப் படம் பார்க்கிறவர் நம்புவது அந்தக் கோட்டினால்தான்.

ஜரிகை எரிவதற்குக் காரணம் ஃபிளாஷ். அதை அணைத்துவிடு. பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றி, அதற்கும்மேல் தங்கப் பூச்சுக் கொடுத்தது அசல் ஜரிகை. நேராக வெளிச்சம் அடித்தால் அது கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில் எடு. திரையில் ஜரிகையின்மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கு.

அப்புறம், முழுத் தறியையும் ஒரே படத்துக்குள் அடக்கப் பார்க்காதே. உடலின் ஊடை, அதாவது குறுக்கு நூல், கரையின் ஊடையோடு கொக்கி போட்டுத் திரும்பும் இடம் இருக்கிறதே, அங்கே போய் உட்கார். ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்கும் அந்த நூலிழைப் பற்களில்தான் காஞ்சிபுரத்தின் பெயர் இருக்கிறது. தறியின் மறுபக்கம் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ளுகிறவரையும் எடு. எல்லாரும் நெசவாளியை மட்டும் எடுத்துவிட்டு அவரை விட்டுவிடுகிறார்கள். இன்னும் அறுக்காத சேலையின் முந்தி டிசைன் தெரிகிற மாதிரி எதையும் வெளியே அனுப்பாதே. அது தாத்தாவின் சொத்து.

தாத்தா: பேத்தி தறியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கிறாள். தறியில் உட்காரச் சொன்னால் ஓடுகிறாள். இது சரியா?

சரிதான் ஐயா. உங்கள் தொழில் அவளுக்குப் போய்ச் சேர வழி ஒன்று மட்டும்தானா? 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை ஓர் ஓரத்திலிருந்து வரிசையாகப் படமெடுத்தார். 21 படங்களை அடுத்தடுத்து ஒட்டி ஒரே நீளச் சுருளாக்கினார். அவர் உளி பிடித்தவர் அல்ல. ஆனாலும் அந்தக் கல் அன்றைக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கு நாம் பார்க்கிறோம்.

பேத்தியிடம் அதே வேலையைக் கொடுங்கள். தெருவில் பாவு இழுத்துக் கஞ்சி போடுகிற விடியற்காலை, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவோடு முறுக்கிச் சேர்க்கிற விரல்கள், குழிக்குள் மிதியை மாற்றுகிற கால்கள், எல்லாவற்றையும் வரிசையாக எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், அவள் படத்தின் கீழே எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பெயர்களில் பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லை, உங்களிடம்தான் இருக்கின்றன.

மகள்: தூத்துக்குடி மக்ரூன் செய்தேன். அடுப்பிலிருந்து எடுத்தபோது மொறுமொறு. சாயங்காலம் பிசுபிசு. ஏன்?

மக்ரூனில் இருப்பது முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஏரிக்கரை ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. வெந்தால் போதாது, உள்வரை உலர வேண்டும். சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டு. அடுப்பை அணைத்த பிறகும் கதவைத் திறக்காமல் அதற்குள்ளேயே ஆறவிடு. ஆறியதும் தாமதிக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் போடு.

வெள்ளைக்கரு நுரைக்கவில்லை என்றால், பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெயோ மஞ்சள் கருவோ இருந்திருக்கும். கொழுப்பு நுரையை உடைக்கும். முந்திரியை மிக்சியில் விட்டு விட்டு ஓட்டு. தொடர்ந்து ஓட்டினால் அதுவே எண்ணெய் விட்டு உன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பாட்டி: கேக்கு கீக்கு எல்லாம் யாருக்கு வேணும்? கோயில் இட்லி பண்ணக் கத்துக்கச் சொல்லுங்க.

பாட்டிம்மா, அவள் கேக்கில் கற்றதை எல்லாம் உங்கள் இட்லியில் சரிபார்க்கலாம். கேக் எழும்புவதும் காற்றால், இட்லி எழும்புவதும் காற்றால். கேக்கில் அந்தக் காற்றைச் சோடா கொடுக்கிறது. இட்லியில் ராத்திரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கொடுக்கின்றன. கோதுமை மாவில் காற்றைப் பிடித்து வைப்பது அதன் பசைத்தன்மை. அரிசிக்கு அது கிடையாது, உளுந்தின் கொழகொழப்புத்தான் பிடிக்கிறது. உளுந்தைக் குறைத்தால் இட்லி ஏன் கல்லாகிறது என்று நீங்கள் கையால் அறிந்தது இதுதான்.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி இன்னும் கடினமான பாடம். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, கொரகொரப்பாக அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வைக்க வேண்டும். அவ்வளவு கனமான மாவின் நடுப்பகுதி வேகும்வரை பொறுக்கத் தெரிந்தவளுக்கு எந்தக் கேக்கும் பயம் காட்டாது. கற்றுக்கொடுங்கள். பதிலுக்கு அவளிடம் மக்ரூன் கற்றுக்கொள்ளுங்கள்.

அம்மா: சொந்தக்காரர்கள் எல்லாம் "ஆர்டர் எடு, கேக்கை விற்கலாம்" என்கிறார்கள். செய்யலாமா?

பத்தாம் வகுப்பு முடியும்வரை வேண்டாம் அம்மா. வீட்டில் செய்து விற்பதானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும். அதை நீங்கள் எடுத்துவிடலாம், அது பெரிய விஷயமல்ல. என் கவலை வேறு. இன்றைக்குக் கேக் கருகினால் அவள் ஏன் என்று யோசிக்கிறாள். பணம் வாங்கிவிட்டால் யோசிக்க நேரமிருக்காது, அழத்தான் நேரமிருக்கும். பிடித்ததைச் சுதந்திரமாகத் தப்புத் தப்பாகச் செய்து பார்க்கிற வயது இது ஒன்றுதான். அதற்கு விலை போடாதீர்கள்.

அப்பா: ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு கோயிலாவது பார்க்கலாம் என்று கிளம்புகிறோம். இவள் முதல் கோயிலிலேயே ஒரு தூண் முன்னால் நின்றுவிடுகிறாள். என்ன செய்ய?

நீங்களும் நில்லுங்கள்.

அடுத்த ஞாயிறு ஓர் ஊர் போதும். வாலாஜாபாத் போய், பாலாற்றைத் தாண்டி, உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டியவை. ஊரை 30 குடும்பாக, அதாவது வார்டாக, பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பெரியவர்கள் கை வைத்தால் சந்தேகம் வரும் என்று பிள்ளையின் கையை நம்பினார்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியை நம்பி வாழும் தென்னேரிக்காரருக்கு இதைவிட நெருக்கமான கல் எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு வரியாக உங்கள் மகளுக்குக் காட்டுங்கள்.

அவளுக்கு ஒரு வார்த்தை. எழுத்து தெரியவில்லை என்று சிலர் கல்வெட்டின்மேல் மாவோ சுண்ணாம்போ தேய்ப்பார்கள். கல் பாழாகும். மாவு கேக்குக்கு, கல்லுக்கு வெளிச்சம். அப்பாவின் டார்ச்சை வாங்கிச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடி. வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

மகள்: கோயில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எப்படித்தான் படம் எடுப்பது?

2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று உத்தரவிட்டது. கும்பிட வந்தவர்களின் அமைதியும் முக்கியம், கொடுத்துவிட்டுப் போ. தொல்லியல் துறையிடமுள்ள காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சாதாரணப் படம் எடுக்கலாம், ஸ்டாண்டு வைக்கத்தான் தனி அனுமதி. ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. கிழக்குப் பார்த்த கோயில், மணற்கல். காலை வெயிலில் அதன் நிறத்தைப் பார். மதில் ஓரம் 58 சின்னச் சின்னச் சன்னிதிகள். சிலவற்றின் உள்சுவரில் பல்லவர் கால ஓவியத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பொறுமையாகத் தேடு, ஃபிளாஷ் வேண்டாம்.

அப்பா: வேடந்தாங்கல் போக ஆசைப்படுகிறாள். பெரிய லென்ஸ் வாங்கித் தரலாமா?

முதலில் ஒரு பைனாகுலர். கூழைக்கடாவையும் நத்தைக்குத்தி நாரையையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிறகு லென்ஸ். போகும் வழியில் அவளுக்கு இதையும் சொல்லுங்கள்: 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஊர்க்காரர்களே போய்ப் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மகள்: எங்கள் ஊரில் படம் எடுக்க எதுவுமே இல்லை.

திரையனேரி என்று பழைய நாளிலேயே பெயர் பெற்ற ஏரி உன் ஊரில் இருக்கிறது. அந்தக் கரையில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து ஒரு படம் எடு. சித்திரையில் மாடு மேய்கிற இடத்தில் மார்கழியில் தண்ணீர் நிற்கும். ஒரு வருடம் கழித்து எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு. மதகுப் பக்கமும் கலங்கல் பக்கமும் தனியாகப் போகாதே. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று கேட்டவர் அவர்தானே.