மூவாயிரத்துப் பதினோராவது துண்டு

இவ்வாய்வு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. 3,011 துண்டுகள் கொண்ட ஒரு விளையாட்டுக் கப்பலில் 3,010 துண்டுகளைப் பொருத்திய பின்பு, கையில் ஒன்று இருந்தாக வேண்டும். இல்லை. ஏன் இல்லை? ஆய்வுக் களம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. காலம், ஆடிப்பெருக்குக்கு மறுநாள் தொடங்கி விஜயதசமி வரை. எந்த அமைப்பும் இதற்கு நிதி வழங்கவில்லை. எதிர்ப்பு மட்டும் வீட்டுக்குள்ளிருந்தே தாராளமாக வழங்கப்பட்டது.

கப்பலின் பெயர் என்டியூரன்ஸ். தாக்குப்பிடித்தல் என்று பொருள். லெகோ நிறுவனம் 2024 நவம்பரில் இதன் மாதிரியை வெளியிட்டது. அசல் கப்பல் 1912இல் நார்வேயின் சாண்டெஃபியோர்டு நகரில் நீரில் இறங்கியது. 44 மீட்டர் நீளம், மூன்று பாய்மரம், காற்று கைவிட்டால் உதவ ஒரு நீராவி எந்திரம். எர்னெஸ்ட் ஷாக்கில்டன் இதில் ஏறித்தான் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். கரையைத் தொடுவதற்கு முன்பே, 1915 ஜனவரியில், வெட்டெல் கடலின் பனி கப்பலைப் பிடித்துக்கொண்டது. பத்து மாதம் பிடித்தபடியே வைத்திருந்து, பிறகு நெருக்கி நொறுக்கியது. நவம்பர் 21 அன்று கப்பல் அடியில் போயிற்று. அதிலிருந்த 28 பேரும் எப்படி உயிரோடு ஊர் திரும்பினார்கள் என்பது பெரிய கதை. அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். மனிதர்கள் கிடைத்துவிட்டதால் அவர்கள் நம் ஆய்வு எல்லைக்குள் வரமாட்டார்கள். காணாமல் போனவை மட்டுமே நம் பொருள் என்க.

கப்பல் கிடைத்தது 2022 மார்ச் 5 அன்று. ஆழம் 3,008 மீட்டர். இங்கேதான் ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆழம் 3,008, துண்டுகள் 3,011. ஆக மீட்டருக்கு ஒரு துண்டு, மூன்று கொசுறு. இது தற்செயல் என்று கடந்துபோக எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் தற்செயல் என்று கடந்துபோகிறவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுவதில்லை. விடுபட்ட துண்டு இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு வாரம் நம்பினோம். அப்படி நம்பியும் துண்டு கிடைக்காததால் கொள்கையைக் கைவிட்டோம்.

கட்டுமானம் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தமிழில் கப்பலுக்குச் சொற்பஞ்சம் கிடையாது. அணியம் என்றால் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம். அடிமரம் ஏரா, விலா வங்கு, பாயைத் தாங்கும் குறுக்குக்கம்பு பருமல். இவ்வளவும் அறிந்தே ஆய்வாளர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்த வழிகாட்டி நூலிலோ, கட்டும் முறையைச் சொல்ல ஒரு சொல்கூட இல்லை, படங்கள் மட்டும். எந்த மொழிக்காரனும் அதே படத்தைப் பார்த்து அதே இடத்தில் திகைக்கவேண்டும் என்ற சமத்துவம். வரிகளே இல்லாத மூலநூலுக்குப் பாடபேதம் தோன்ற வாய்ப்பில்லை என்று நினைத்தோம். தவறு. கறுப்பும் அடர்பழுப்பும் இரவு ஒன்பது மணி டியூப்லைட்டில் ஒரே நிறம். எங்கள் கப்பலின் இடப்புறத்தில் இரண்டு பாடங்கள் கலந்திருப்பதை இன்றும் காணலாம்.

லெகோவின் கதை டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்ற தச்சரின் பட்டறையில், 1932இல் தொடங்குகிறது. பிளாஸ்டிக்குக்கு முன்பு அந்தப் பட்டறையில் செய்த பொம்மைகள் மரத்தாலானவை. இன்று நாம் அறியும் பிளாஸ்டிக் கட்டைக்கு அவர் மகன் காப்புரிமை கோரிய நாள் 1958 ஜனவரி 28. மேலே குமிழ், உள்ளே குழாய். குமிழைக் குழாய் பற்றிக்கொள்கிறது. யாப்பு படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டை சீர் என்றால், இந்தப் பற்றுதான் தளை. பொருந்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பொருந்தாவிட்டால் தளை தட்டுவது கட்டைவிரலிலேயே தெரியும், மறுநாள் காலை வரை தெரியும். 1958இல் வார்த்த கட்டையும் நேற்று வார்த்த கட்டையும் இன்றும் பொருந்தும். இவ்வளவு நாள் இலக்கணம் மாறாமலிருப்பது புலவர்களுக்கே வாய்க்காத ஒழுக்கம்.

ஒழுக்கம் இருந்தாலும், சுதந்திரமும் கொஞ்சநஞ்சமல்ல. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு கிடைத்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஸோரன் ஐலர்ஸ் கணினியின் துணையோடு எண்ணிச் சொன்னார். ஆறுக்கே இந்தக் கதி. 3,011 துண்டுகளைச் சேர்க்கக்கூடிய விதங்களை எழுதிவைக்க நம்மிடம் தாள் இல்லை. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கப்பல். ஏனையவை அனைத்தும் பிழை. அந்தப் பிழைகளில் கணிசமானவற்றை ஆய்வாளர் தம் கையாலேயே செய்து பார்த்திருக்கிறார்.

கப்பலில் நேர்க்கோடு அபூர்வம். கட்டையில் வளைவு அபூர்வம். இந்த விவாகம் எப்படி நடக்கிறது? விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. தட்டைத் துண்டு ஒன்றின் உயரம் 3.2 மில்லிமீட்டர், இரு குமிழ்களுக்கு இடைத்தொலைவு 8 மில்லிமீட்டர். ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16. இரண்டு குமிழ் அகலமும் 16. ஆகவே கட்டையைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாலும் கணக்கு உதைக்காது. குமிழ் வானத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கும்படி கட்டும் இந்த உத்தியை ரசிகர்கள் ‘ஸ்னாட்’ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு மூக்குச்சளி என்றும் பொருள் உண்டு என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த உத்தியால்தான் விலா வளைகிறது. வளைவு அற்ப விஷயமல்ல. துருவப் பயணி நான்சென் ஏறிப் போன ஃபிராம் கப்பலுக்கு அடிப்பாகம் உருண்டையாக இருந்தது. பனி நெருக்கும்போது அது ஈரக்கையில் பிடித்த சோப்பைப் போல மேலே வழுக்கி எழுந்துவிடும். என்டியூரன்ஸுக்கு அந்த உருண்டை இல்லை, நெருக்கலைத் தாங்கவேண்டியதாயிற்று. பெயர் பொருத்தமாக வைத்தார்கள். வடிவத்தைப் பொருத்தமாக வைக்கவில்லை.

இனி, தொலைந்த கதை.

துண்டுகளைப் பிரித்து வைப்பதற்கென்று கடைகளில் விற்கும் பெட்டிகளை ஆய்வாளர் வாங்கவில்லை. நம் வீடுகளில் இட்லித் தட்டு இருக்க அவை எதற்கு? குழிக்கு ஒரு வகை என்று பதினாறு வகை. மிகச் சிறியவற்றுக்கு எவர்சில்வர் கிண்ணங்கள். சிறிய துண்டுகளில் பெரும்பாலும் ஒன்று கூடுதலாகவே வரும். பைகளை எடைபோட்டுச் சரிபார்ப்பதால், தராசுக்கே எட்டாத எடையுள்ளவற்றில் ஒன்றை அதிகம் போட்டுவிடுவது நிறுவனத்தின் வழக்கம். ஆகவே பெட்டியில் குறையில்லை; நன்றாக எண்ணியே தொடங்கினோம். மூன்றாம் வாரத்தில் ஒரு கறுப்பு வட்டத் துண்டு தொலைந்தது. சுண்டுவிரல் நக அளவு. கொசுறை எடுத்து ஈடுகட்டினோம். ஏழாம் வாரத்தில் அதே வகையில் இன்னொன்று தொலைந்தது. இதற்கு ஈடு இல்லை.

காரணம் குறித்து வீட்டில் மூன்று கொள்கைகள் நிலவின. துடைப்பக் கொள்கை மனைவியுடையது: “கீழ விழுந்தது கூட்டுற குப்பையோட போயிருக்கும்ங்க. அதுக்குன்னு வீட்டைக் கூட்டாம இருக்க முடியுமா?” உட்பொதிவுக் கொள்கை மகனுடையது: “அப்பா, நீங்களே எங்கயாவது ரெண்டு வச்சுக் கட்டியிருப்பீங்க. பிரிச்சுப் பாருங்க.” இரண்டு மாத உழைப்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் கொள்கையை எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார். விழுங்கல் கொள்கை அம்மாவுடையது. எது காணாமல் போனாலும் யாரோ விழுங்கிவிட்டார்கள் என்பதே அவர் ஆயுட்கால நிலைப்பாடு. வீட்டில் மிகச் சிறியவனுக்கே வயது பத்தொன்பது என்று சுட்டிக்காட்டி, இதை அறிவியலுக்குப் புறம்பானது என்று அப்போது ஒதுக்கினோம். இந்த வாக்கியத்தில் ‘அப்போது’ என்ற சொல்லைக் கவனிக்க.

அடுத்தது கள ஆய்வு. கருவிகள்: கைபேசி வெளிச்சம், ஒட்டடைக்கம்பு, முழங்கால் இரண்டு. ஃபிரிட்ஜின் அடியில் கண்ட அடுக்குகள் மேலிருந்து கீழாக இவை: நடப்பு ஆண்டுத் தூசு, ஒரு ஹேர்பின், சென்ற கார்த்திகையின் அகல் திரி, பால்கார்டு ஒன்று, தேதி அழிந்தது, அதற்கும் அடியில், மகன் ஐந்தாம் வகுப்பில் தொலைத்து அதற்காக அடியும் வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸின் பாகைமானி. கீழடியில் தாயக்கட்டையும் ஆட்டக்காய்களும் கிடைத்தபோது அகழ்ந்தவர்கள் அடைந்த மகிழ்ச்சியை ஓரளவு உணர முடிந்தது. பையனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றும் யோசித்தோம். நாம் தேடியது மட்டும் இல்லை.

தேடல் முறையிலேயே கோளாறு இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. என்டியூரன்ஸின் கேப்டன் ஃபிராங்க் வொர்ஸ்லி, கப்பல் மூழ்கிய இடத்தைக் கருவி கொண்டு கணித்துக் குறித்து வைத்திருந்தார். 2022இல் கப்பல் கிடைத்ததோ அதற்குச் சில மைல் தெற்கே. பனிப்பாளத்தின் மேல் நின்று, மேகத்துக்கு இடையே சூரியனைத் தேடிக் கணித்தவருக்கு இது பிரமாதமான துல்லியம். இதிலிருந்து வொர்ஸ்லி விதி ஒன்றை வகுத்தோம்: தொலைந்த பொருள், கடைசியாகப் பார்த்ததாக நாம் சத்தியம் செய்யும் இடத்திலிருந்து சற்றுத் தெற்கே இருக்கும். எங்கள் மேசைக்குத் தெற்கே சமையலறை. அங்கே தேட அனுமதி மறுக்கப்பட்டது. நவராத்திரி நெருங்கிவிட்டதாம்.

ஆறுதலுக்கு முன்னோர் சரித்திரத்தைப் புரட்டினோம். 1997 பிப்ரவரி 13 அன்று டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற சரக்குக் கப்பலை இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் ஒரு பேரலை தாக்கியது. 62 கொள்கலன்கள் கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றுக்குள் ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள். அவற்றில் பல கடல் விளையாட்டுக்கானவை: முக்குளிப்போர் காலில் மாட்டும் துடுப்பு, உயிர்காப்புச் சட்டை, 4,200 ஆக்டோபஸ். கார்ன்வால் கடற்கரையில் அவற்றை இன்றும் பொறுக்குகிறார்கள். கறுப்பு ஆக்டோபஸ் ஒன்று கிடைப்பது அங்கே புதையலுக்குச் சமம். நாம் தொலைத்தது ஒன்று என்று மனைவியிடம் எடுத்துச் சொன்னோம். அந்தக் கப்பல் சாப்பாட்டு மேசையில் ஓடவில்லை என்று அவர் பதிலளித்தார்.

நவராத்திரி வந்தது. மேசையைக் காலி செய்யும் ஒரே வழியாக, கப்பல் கொலுவில் ஏற்றப்பட்டது. ஆய்வாளர் இன்ச் டேப்பால் அளந்து நான்காம் படி போதும் என்றார். மனைவி சாணால் அளந்து இடிக்கும் என்றார். 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில், முதல் பயணத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டரே ஓடிக் கவிழ்ந்த வாசா என்ற போர்க்கப்பலை மீட்டபோது, உள்ளே தச்சர்களின் அளவுகோல்கள் கிடைத்தன. சில ஸ்வீடன் அடிக்கணக்கு, சில ஆம்ஸ்டர்டாம் அடிக்கணக்கு. இரண்டும் ஒன்றல்ல. இந்தச் சான்றை நாம் முன்வைப்பதற்குள் முன் பருமல் செட்டியார் பொம்மையின் தலைப்பாகையில் இடித்துவிட்டது. சாண் வென்றது. செட்டியார் ஒரு படி இறங்கினார்.

சரஸ்வதி பூஜையன்று இன்னொரு இடர். புத்தகம் எல்லாம் பூஜையில் வைக்கவேண்டும் என்று அம்மா வழிகாட்டி நூலையும் எடுத்துச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிட்டார். மறுநாள் வரை திறக்கக் கூடாது. அதில் கட்டும் முறையைச் சொல்ல ஒரு எழுத்துகூட இல்லை, எனவே அது புத்தகமா என்பதே விவாதத்துக்குரியது என்று வாதிட்டோம். “படம் பார்த்துப் படிக்கிறதும் படிப்புதாண்டா,” என்றார். கலைமகளின் அதிகார எல்லை பற்றி நமக்கு மேல்வாதம் இல்லாததால் ஆய்வு ஒரு நாள் நின்றது. அன்று மாலை கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். கொலு பார்க்க வந்தவர்கள் தாம்பூலத்தோடு பொட்டலமும் வாங்கிப் போனார்கள்.

விஜயதசமி காலையில் எதிர் வீட்டு மாமி கதவைத் தட்டினார். கையில் ஒரு சின்னக் கிண்ணம். “சுண்டல் நல்லா இருந்துச்சும்மா. ஒரே ஒரு கடலை மட்டும் வேகவே இல்ல. நல்லவேளை, பல்லு தப்பிச்சுது. கழுவி எடுத்துட்டு வந்திருக்கேன், என்னன்னு பாருங்க.”

கறுப்பு. வட்டம். சுண்டுவிரல் நக அளவு.

துண்டு உருமாறவில்லை என்பது முக்கியமான தடயம். இந்தப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். எனவே அது குக்கரிலும் போகவில்லை, தாளிப்பிலும் விழவில்லை. இறக்கிவைத்த பிறகே கலந்திருக்கிறது. இறக்கிய பின் சுண்டலில் சேர்வது தேங்காய்த் துருவல். துருவலை எதில் வைத்தாய் என்று மனைவியிடம் கேட்டோம். மேசையிலிருந்து காலி செய்த எவர்சில்வர் கிண்ணத்தில் என்றார். கழுவவில்லையா என்று கேட்க வாயெடுத்து, ஆய்வின் எதிர்காலத்தைக் கருதி மூடிக்கொண்டோம்.

வழிகாட்டி நூலைக் குங்குமம் சிந்தாமல் திறந்து, துண்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினோம். டக். கப்பல் நிறைவடைந்தது. அருகில் போனால் அந்த இடத்தில் லேசாகப் பெருங்காய வாசனை வரும்.

ஆனால் கணக்கு நேராகவில்லை. தொலைந்தவை இரண்டு, வந்தது ஒன்று. வந்திருப்பது மூன்றாம் வாரத்துத் துண்டா, ஏழாம் வாரத்துத் துண்டா என்று கண்டறிய வழியில்லை. இரண்டும் அந்தக் கிண்ணத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி. அன்று மாலை சுண்டல் பொட்டலம் போனது மொத்தம் பதினான்கு வீடுகளுக்கு. மற்ற பதின்மூன்று வீடுகளிலும் இதுவரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.