கைப்பிடி யூரியா

எங்கள் மொட்டைமாடியில் காய்த்ததைவிடக் கருகியதே அதிகம். கருகியதில் பாதிக்கு யூரியா காரணம்; மீதிக்கு நான்.

கத்தரியின் அடியிலைகள் மஞ்சளானபோது, வயசாகிவிட்டது, உதிரட்டும் என்று விட்டுவிட்டேன். தழைச்சத்து போதாத செடி முதிர்ந்த இலைகளில் இருப்பதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடுமாம். மஞ்சள் அடியிலிருந்து ஏறுவது அதனால்தான். இது தெரிந்ததும் பாசம் பொத்துக்கொண்டு வந்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி யூரியா போட்டேன். அதில் 46 சதவீதம் தழைச்சத்து என்று மூட்டையிலேயே அச்சிட்டிருப்பதை யார் படிக்கிறார்கள்? இலை விளிம்பெல்லாம் கருகித் தொங்கியது.

"என்னங்க, உப்புக்கண்டமா போடுறீங்க?" என்றாள் மனைவி.

போட்டதும் வேர் விழுங்கிவிடும் என்றே நினைத்திருந்தேன். மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி யூரியாவை முதலில் அம்மோனியமாக்க வேண்டும். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்க வேண்டும். வேர் பெரும்பாலும் எடுப்பது நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும்தான். உள்ளே போன நைட்ரேட்டும் மறுபடி அம்மோனியமாகி, அமினோ அமிலத்தில் சேர்ந்த பிறகே புரதம், பச்சையம் எல்லாம். இத்தனை பேர் கைமாறும் சரக்கு என்று தெரியாமல், மறுநாளே காய் தேடினேன்.

நைட்ரேட்டைக் களிமண்ணும் பிடித்துவைக்காது, இரண்டுக்கும் எதிர்மின்னூட்டம். நான் இருவேளையும் குடம் குடமாக ஊற்ற, அது தொட்டி ஓட்டை வழியே கீழே இறங்கியது. கீழ்வீட்டு வாசலில் புல் செழித்தது.

பிறகு, உரச்செலவு மிச்சம் என்று தச்சுப்பட்டறை மரத்தூளை மண்ணில் கலந்தேன். மரத்தூளில் தழைச்சத்து சொற்பம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்ததையும் எடுத்துக்கொண்டன. முதல் பந்தியில் அவை உட்கார்ந்துவிட, வெண்டைக்கு இலையே போடவில்லை.

உச்சம் தட்டைப்பயறு. களை பறிக்கையில் ஒரு செடி கையோடு வந்தது, வேரெல்லாம் முண்டுமுடிச்சு. நூற்புழுதான் என்று தீர்ப்பெழுதி, மிச்சச் செடிகளையும் பிடுங்கி எறிந்தேன். அவை ரைசோபியம் குடியிருந்த முடிச்சுகள். காற்றில் 78 சதவீதம் இருந்தும் செடிக்கு நேரடியாக எட்டாத நைட்ரஜனை அம்மோனியாவாக்கித் தருபவை. எங்கள் மாடியில் சம்பளமில்லாமல் ஒழுங்காக வேலை பார்த்தவை அவை மட்டும்தான்.

பயறு வேரில் முடிச்சைக் கண்டால் அவசரப்படாதீர்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். எளிதில் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம். வேரே வீங்கி, பிரிய மறுத்தால் மட்டும் நூற்புழுவைச் சந்தேகப்படுங்கள்.