கெளுத்திப் பித்தர்

மிசிசிப்பி, மிசௌரி ஆற்றங்கரைகளில் கெளுத்திப் பித்தர் என்றொரு இனம் உண்டு. இயற்கையின் மடியில் அமைதி தேடுபவர்கள். அமைதிக்கு வேண்டிய சாமான்கள்: என்ஜின் படகு, மீனைத் திரையில் காட்டும் சோனார், தலைவிளக்கு, ஒரு டப்பா அழுகிய கோழி ஈரல்.

கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்பு முழுக்கச் சுவை மொட்டுகள். கலங்கல் நீரில் தோலாலேயே ருசி பார்க்கும். அப்பேர்ப்பட்ட ரசிகருக்குப் பித்தர் படைக்கும் விருந்து, நாறவைத்த பாலாடைக்கட்டி. வீட்டு ஃபிரிட்ஜில் அதற்கு இடம் தரவில்லையே என்று நெடுநாள் மனத்தாங்கல் வேறு.

2011இல் வர்ஜீனியாவின் கெர் ஏரியில் 143 பவுண்டு, அதாவது சுமார் 65 கிலோ எடையில் ஒரு நீலக் கெளுத்தி பிடிபட்டது. அதன்பின் ஆற்றடியில் தூண்டில் சிக்கும் ஒவ்வொரு மரக்கட்டையும் அதற்கு அண்ணன்தான். நரம்பு அறுந்துவிடுவதால் சாட்சி கிடையாது. நிஜமாகவே பெரிசு மாட்டினாலோ, கட்டிப்பிடித்துப் படமெடுத்து ஆற்றிலேயே விட்டுவிடுவார்; முட்டையிட்டு இனம் பெருக்கட்டுமாம்.

இரவெல்லாம் கொசுவுக்கு இரையாகிவிட்டு, திரும்பும் வழியில் ஹோட்டலில் வறுத்த கெளுத்தி கேட்பார். பெரும்பாலும் பண்ணைக் குளத்தில் தீவனம் தின்று வளர்ந்ததுதான் வரும். தட்டைக் காலிசெய்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்: "என்ன இருந்தாலும் ஆத்து மீன் ருசி வருமா?"