தொப்பிக்கு வேது

என் அப்பா தலைமுறைக்கு ஃபெல்ட் தொப்பி என்றால் ஒரே ஒரு தலைதான்: தமிழ்வாணன். கல்கண்டு ஆசிரியர், சங்கர்லாலைப் படைத்தவர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் புகைப்படத்தில் அகப்படாதவர். முகவரி எழுத வேண்டிய இடத்தில் தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் வரைந்து போட்ட தபால்கூட அவரிடம் போய்ச் சேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. அவர் 1977-இல் காலமானார். தொப்பி மட்டும் மணிமேகலைப் பிரசுரத்தின் சின்னமாகப் புத்தகங்களில் தங்கிவிட்டது. சென்னை வெயிலில் ஃபெல்ட் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு நடமாட அசாத்திய நெஞ்சுரம் வேண்டும். ‘துணிவே துணை’ என்று அவர் சும்மா சொல்லவில்லை.

எனக்கு அவ்வளவு துணிவு தேவைப்படவில்லை. நான் இருப்பது ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம். குளிர்காலத்தில் எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் கரையில் நின்றால் ஹட்சன் ஆற்றுக் காற்று ஆளை விட்டுவிட்டுக் காதை மட்டும் கழற்றிக்கொண்டு போகும். தலையில் ஏதாவது வேண்டும் என்பதில் இங்குள்ள தமிழர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. எது வேண்டும் என்பதிலும் கிடையாது. மங்கி கேப். டிசம்பரில் ஊரிலிருந்து வரும் பெற்றோர்கள் மீனம்பாக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டே அதை மாட்டிக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். என் மாமனாரும் அப்படித்தான் வந்து இறங்கினார். அவருக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. தமிழ்வாணனுக்கும் அதே ஊர். இந்தத் தகவலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தொல்லை கொடுக்கப்போகிறது.

தொப்பி கிடைத்தது ஒரு பழைய துணிக்கடையில். சாம்பல் நிறம், கறுப்பு ரிப்பன், உள்ளே தோல் பட்டை. அளவு ஏழேகால், அதாவது சுற்றளவு 58 சென்டிமீட்டர். என் மண்டையும் அதுவேதான். ஆனால் கடையில் அதை மற்ற சாமான்களுக்கு அடியில் போட்டு அமுக்கி வைத்திருந்ததில், உச்சியில் இருந்த பள்ளம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு கிடந்தது. முன்பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளிவிட்டிருப்பார்களே, அதில் வலது கிள்ளல் இருந்த இடத்தில் இருந்தது, இடது கிள்ளல் காதை நோக்கிப் பயணப்பட்டிருந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். நம்பியாரிடமிருந்து சம்பளப் பாக்கி வரவேண்டிய அடியாள் ஒருவன் உள்ளேயிருந்து என்னைப் பார்த்தான்.

வாங்கிவிட்டேன். ஏனென்றால் ஃபெடோரா என்ற இந்த ரகத் தொப்பியின் உச்சிப் பள்ளம் பிறவியிலேயே வருவது இல்லை. மர அச்சில் இழுத்து எடுக்கும்போது தொப்பியின் உச்சி கவிழ்த்த சொம்பு மாதிரி வழவழவென்று உருண்டையாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் பல தொப்பிகள் அந்தக் கோலத்திலேயே கடைக்கு வந்தன. கடைக்காரரோ வாங்கியவரோ இஷ்டப்படி பள்ளம் போட்டுக்கொண்டார்கள். நடுவில் முன்னும் பின்னுமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் ஒரு தினுசு. முன்னால் குறுகிப் பின்னால் அகன்றால் கண்ணீர்த்துளி. நாலு மூலை வைத்தால் வைரம். ஆவி காட்டினால் ஃபெல்ட் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி காட்டினால் மறுபடி இளகும். இதில் முயல் ரோம ஃபெல்ட் சொன்னபடி கேட்கும் சாது. கம்பளி ஃபெல்ட் கொஞ்சம் முரடு, சூடு அதிகமானால் சுருங்கிக்கொண்டு தலையில் ஏற மறுக்கும். என்னுடையது முயல்.

தொப்பிக்கு ஆவி என்றால் ஆரஞ்சு நகரத்தைச் சொல்லாமல் போக முடியாது. பக்கத்து ஹோபோக்கனில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தலைகள் பலவற்றுக்குத் தொப்பி செய்து அனுப்பியது. கௌபாய் தொப்பியால் உலகப் புகழ் பெற்ற ஜான் பி. ஸ்டெட்சன் 1830-இல் அங்கே ஒரு தொப்பிக்காரர் வீட்டில் பிறந்தவர்தான். கர்ணன் டைரக்ட் செய்த ‘கங்கா’வில் ஜெய்சங்கர் தலையில் இருந்ததற்கு மூதாதையர் யார் என்று கேட்டால் நியூ ஜெர்சியைக் கைகாட்ட வேண்டியதுதான்.

அந்த ஊர் ஆவியில் ஒரு வில்லங்கம் இருந்தது. ரோமத்தின் இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதற்காக முயல் தோலில் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினார்கள். பிறகு அதைச் சூட்டிலும் ஈரத்திலும் போட்டு உருட்டும்போது பாதரசம் ஆவியாகக் கிளம்பித் தொழிலாளியின் நெஞ்சுக்குள் போனது. கை நடுக்கம், வாய்க் குழறல், காரணமில்லாத கூச்சம், காரணமில்லாத எரிச்சல். நியூ ஜெர்சி மருத்துவர் ஒருவர் 1860-லேயே இந்த நோயை விவரித்து எழுதிவிட்டார். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசத்தை நிறுத்தியதோ 1941-இல். எண்பது வருஷம் யோசித்திருக்கிறார்கள். அதனால் உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துத் தொப்பி எதையாவது அடுப்பில் காட்டும் உத்தேசம் இருந்தால் கைவிடுங்கள். என் தொப்பியின் லேபிளில் நைலான் நூல் இருந்தது, அது பிற்காலத்துச் சரக்கு. எங்கள் வீட்டில் அன்று கண்ட எரிச்சலுக்குப் பாதரசம் காரணம் இல்லை.

காரணம் இட்லிப் பானை. தொப்பிக் கடைகளில் இதற்கென்றே மூக்கு வைத்த ஆவிப் பாத்திரம் இருக்கும். ஒரு தமிழ் வீட்டில் ஆவிக்கா பஞ்சம்? இட்லிப் பானை, இடியாப்பத் தட்டு, புட்டுக் குழாய் என்று நம் சமையலறையே ஆவியில்தான் நிற்கிறது. அதிலும் புட்டுக் குழாயின் மேல் துவாரத்திலிருந்து ஆவி நேராக, ஒல்லியாக, வேண்டிய இடத்துக்கு மட்டும் வரும். எந்த அமெரிக்கத் தொப்பிக்காரரும் பார்த்தால் விலை கேட்பார். இதை நான் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோதே பதில் வந்துவிட்டது.

“என்னங்க, முயல் முடியக் கொண்டுபோய் புட்டுக் கொழாய்ல காட்டப் போறீங்களா? அதுவும் வெள்ளிக்கிழமை?”

சனிக்கிழமை காட்டலாமா என்று கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிவு இல்லை. முன்பே சொன்னேனே.

அடுத்தது மின்சாரக் கெட்டில். அதன் குணம் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் கொதித்ததும் ‘டக்’கென்று தானே நின்றுவிடும். ஆவி நமக்கு எப்போது தேவையோ அப்போது ஓய்வு பெற்றுவிடும். மூடியைத் திறந்து வைத்தால் பல கெட்டில்கள் நிற்காமல் கொதிக்கும் என்பது ரகசியம். ஆனால் அந்தக் கெட்டிலில்தான் மாமனாருக்கு மணிக்கொரு தரம் வெந்நீர் ஆகிறது. “அப்பா குடிக்கிற தண்ணி அது” என்று இரண்டாவது தடையுத்தரவும் வந்தது.

அப்பா அந்த நேரத்தில் வரவேற்பறையில் ஒரு போர்வைக்குள் இருந்தார். வந்த மூன்றாம் நாளே மங்கி கேப்பை மீறிச் சளி பிடித்து, வேது பிடித்துக்கொண்டிருந்தார். மூக்கடைத்த குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

“மாப்ள, இங்கிட்டுக் கொண்டாங்க. ஆவி சும்மாதானே போகுது.”

இப்படித்தான் ஆரஞ்சு நகரத்துக் கலை ஒன்று, ஊரிலிருந்து வந்த வேது பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பாவின் மேல் அரங்கேறியது. அவர் தலையை வெளியே எடுத்தார், தொப்பி உள்ளே போனது.

முதல் வேலை உள்பக்கத்துத் தோல் பட்டையை வெளியே மடித்துவிடுவது. தோல் நனைந்து காய்ந்தால் சுருங்கும், அப்புறம் ஏழேகால் ஏழாகி நெற்றியில் கோடு போடும். பிறகு தொப்பியைக் கவிழ்த்து ஆவியை உள்ளிருந்து உச்சிக்குக் காட்டினேன். ஃபெல்ட் கதகதப்பாக இளகியதும் முட்டியால் மெதுவாகத் தள்ள, கோணல் பள்ளம் ‘பொளக்’கென்று வெளியே வந்தது. உருண்டை உச்சி தயார். மறுபடி வெளியிலிருந்து ஆவி. உள்ளங்கையின் ஓரத்தை நடு உச்சியில் வைத்து முன்னும் பின்னுமாக அழுத்தினேன். கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் முன்பக்கத்தைக் கிள்ள வேண்டிய நேரத்தில் தேவகோட்டை குறுக்கிட்டது.

“தமிழ்வாணன் தொப்பில இப்டி வாய்க்கா இருக்காது மாப்ள. நான் சின்னப் பிள்ளைலேருந்து கல்கண்டு பாத்தவன். முன்னாடி நல்லா கிள்ளியிருக்கும், பள்ளம் பின்னாடி சரிஞ்சு போகும்.”

“மாமா, படமெல்லாம் முன்னாடியிருந்துதான் எடுத்திருக்காங்க. உச்சிய யார் பாத்தா?”

“எங்க ஊருக்காரர் உச்சி எங்களுக்குத் தெரியாதா?”

இந்த வாதத்துக்குப் பதில் கிடையாது. இணையத்தில் தமிழ்வாணன் படங்களைத் தேடினோம். எல்லாம் நேர் முகம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து எடுத்த படம் எங்களுக்கு ஒன்றுகூடச் சிக்கவில்லை. தேடி முடிப்பதற்குள் ஃபெல்ட் ஆறி இறுகிவிட்டது. மறுபடி வேது. அவர் பின்னால் சரித்தார். நான் நடுவில் நிமிர்த்தினேன். ஆறும்வரை தொடக் கூடாது என்பதுதான் இதில் தலையாய விதி, மாமனாரோ ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் “வெந்துருச்சா?” என்று உச்சியில் விரலை விட்டுப் பார்த்தார். ஃபெல்ட்டுக்கு ஞாபகசக்தி அதிகம். யாரோ ஒரு முகம் தெரியாத அமெரிக்கர் எண்பதுகளில் கிள்ளிய இடம், ஆவி காட்டக் காட்ட, லேசாகத் தலைகாட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் மூவரும் சமரசத்துக்கு வந்தோம். அமெரிக்கருக்குப் பழைய கிள்ளல், மாமனாருக்குப் பின்பக்கச் சரிவு, எனக்கு நடு வாய்க்கால்.

இந்த நேரம் பார்த்து என் மனைவி தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். 1882-இல் பாரிஸில் சாரா பெர்னார்ட் ‘ஃபெடோரா’ நாடகத்தில் நடித்ததிலிருந்து கிடைத்த பெயர் இது, ஆரம்பத்தில் பெண்கள்தான் விரும்பிப் போட்டார்கள் என்று என் பொது அறிவைக் காட்டிக்கொள்ளப் போய், தொப்பியைத் திரும்ப வாங்க அரை மணி ஆயிற்று. அவளுக்கு என்னைவிட நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம்.

ஒரு விஷயம் மட்டும் மாமனார் பிறகுதான் சொன்னார். வேதுத் தண்ணீரில் யூகலிப்டஸ் தைலம் தாராளமாக ஊற்றியிருந்தாராம். திங்கட்கிழமை பாத் ரயிலில் நியூயார்க் போனேன். காலை நெரிசலில் ஜர்னல் ஸ்கொயரிலிருந்து உட்கார்ந்து போவது அபூர்வம். அன்று என் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. பெருந்தொற்றைப் பார்த்த ஊர், தைல வாசனைக்குத் தனி மரியாதை தருகிறது. அந்த மரியாதை குளிர்காலம் முடியும்வரை நீடித்தது.

தொப்பிக்கு இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் நாள் நட்சத்திரமே இருந்தது. செப்டம்பர் 15 நமக்கு அண்ணா பிறந்தநாள். இவர்களுக்கு அது ஃபெல்ட் தொப்பி நாள். அன்றோடு வைக்கோல் தொப்பியைக் கழற்றிவிட்டு ஃபெல்ட்டுக்கு மாற வேண்டும், மாறாதவன் தலையிலிருந்து பையன்கள் தொப்பியைப் பிடுங்கி மிதிப்பார்கள். 1922-இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் பையன்கள் இரண்டு நாள் முன்னதாகவே பிடுங்க ஆரம்பிக்க, தொப்பி போட்டவர்கள் திருப்பி அடிக்க, நாள்கணக்கில் கலவரம் நடந்தது. ஒரு தொப்பி எப்படி இருக்க வேண்டும் என்று ஊரே கூடி முடிவு செய்யும் வழக்கம் தமிழர்களுடையது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நம்மவர்கள் பிடுங்கி மிதிப்பதில்லை. பிடுங்கித் திருத்துகிறார்கள். நியூவார்க் அவென்யூவில் மளிகை வாங்கப் போனால் பஞ்சாபிக் கடைக்காரர் பகத்சிங் என்றார். 1929-இல் டெல்லியில் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படத்தை வைத்துச் சொன்னார், எனக்குப் பெருமையாக இருந்தது. மாடி வீட்டு இத்தாலியக் கிழவர், ஹோபோக்கனில் பிறந்த சினாட்ராவைப் பக்கத்து ஊர்க்காரர் என்ற உரிமையில் சொல்லி, விளிம்பை ஒரு பக்கம் இறக்கிவிட்டார். வார இறுதியில் தமிழ் நண்பர் வீட்டுக்குப் போனேன். ஒருவர் ‘முக்காலா’ பிரபுதேவா என்று சொல்லி முன்பக்கத்தைக் கிள்ளினார். இன்னொருவர் ‘பேட்ட’ ரஜினி என்று உச்சியை அமுக்கினார். வீட்டுக்கு வரும்போது பள்ளம் மறுபடி கோணியிருந்தது. “நான் அப்பவே சொன்னேன், பின்னாடி சரிச்சா நிக்கும்னு” என்றார் மாமனார், போர்வைக்குள்ளிருந்து.

ஆகவே ஜெர்சி சிட்டி வாழ் தமிழ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். சாம்பல் நிறத் தொப்பியோடு, லேசான யூகலிப்டஸ் வாசனையோடு ஒரு ஆளைப் பார்த்தால், யார் மாதிரி இருக்கிறான் என்று தாராளமாகச் சொல்லுங்கள். தொப்பியை வாங்கிப் பார்ப்பதானால் விளிம்பைப் பிடித்து எடுங்கள், முன்பக்கக் கிள்ளலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஃபெல்ட் முதலில் விரிசல் விடுவது அந்த இடத்தில்தான். கோணலை வேது பிடித்துச் சரிசெய்யலாம், விரிசலுக்கு வைத்தியம் கிடையாது.