பற்றரி எத்தனை வீதம்?

லஸ்கீட்டித் தீவு,
கனடா.
டிசம்பர் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். உன் நலமும் உங்கள் லிஃப்டின் நலமும் அறிய ஆவல்.

போன கிழமை நீ ஃபோன் எடுத்து, "அக்கா, வெள்ளவத்தையிலை ஒரு மணித்தியாலம் கறன்ட் போட்டுது. ஜெனரேற்றரும் வேலை செய்யேல்லை. மரக்கறியும் தூக்கிக்கொண்டு நாலு மாடி நடந்து ஏறினன்" என்று அழாக்குறையாகச் சொன்னாய். நான் ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம். அந்த நேரம் நான் என் ஃபோனைச் சார்ஜில் போடலாமா என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்து, "முப்பத்தெட்டு வீதம் மாமி, நாளைக்கு வெயில் எறிச்சால் போடுவம்" என்றாள். அதோடு ஃபோன் செத்துப்போனது. மிச்சக் கதையைக் கடிதத்தில் எழுதுகிறேன். கடிதத்துக்குச் சார்ஜ் தேவையில்லை.

ஸ்காபரோவில் சுவிச்சைத் தட்டினால் லைட், குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் என்று இருபது வருஷம் சீவித்தவள் நான். மூத்தவன் கம்ப்யூட்டர் வேலையை எங்கே இருந்தும் செய்யலாம் என்றானதும் இந்தத் தீவில் காணி வாங்கினான். "ஆறு மாசம் வந்து நில்லுங்கோ அம்மா, இயற்கையோடை இருக்கலாம்" என்றான். தீவு என்றதும் எனக்கு நயினாதீவுதான் ஞாபகம் வந்தது. குறிகட்டுவானில் ஏறுவதுபோல வன்கூவர் தீவுக் கரையில் ஃபிரெஞ்ச் கிரீக் என்ற இடத்தில் படகு ஏறினோம். ஆட்களை மட்டும் ஏற்றுகிற படகு, கார் ஏற்றாது. ஒரு மணித்தியாலம் கடல் குலுக்கிய குலுக்கலில் அம்மாளாச்சியைக் கூப்பிட்டபடி வந்து இறங்கினால், கோபுரத்தைக் காணவில்லை. ஒரு செம்மறியாடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தது. இங்கே செம்மறிகள் எவருக்கும் சொந்தமில்லாமல் காட்டில் திரிகின்றன. நான் ஆசையாய்ப் போட்ட வெந்தயக்கீரைப் பாத்தியைத் தின்று தீர்த்ததும் அந்தக் கூட்டம்தான். வழக்குப் போடுவதற்கு ஆட்டுக்குச் சொந்தக்காரனும் இல்லை.

1791இல் ஸ்பெயின்காரர் இந்தப் பக்கம் வந்து தங்கள் கடற்படை அதிகாரி ஒருவருடைய பெயரைத் தீவுக்கு வைத்துவிட்டுப் போனார்களாம். இப்போது சனம் ஐந்நூறுக்குக் கிட்ட. உங்கள் வெள்ளவத்தை ஹம்டன் லேனில் இரண்டு தொடர்மாடிகளை ஒன்றாகக் கொட்டினால் இதைவிடக் கூட வரும். றோட்டுக்குத் தார் இல்லை, வீட்டுக்குக் கறன்ட் கம்பி இல்லை. வேண்டாம் என்றே இருக்கிறார்கள். இந்தச் சீவியத்துக்கு "ஓஃப் கிரிட்" என்று பெயர்.

விடிந்ததும் இந்த வீட்டில் ஒருவரும் ஒருவரையும் சுகம் விசாரிப்பதில்லை. "பற்றரி எத்தனை வீதம்?" அதுதான் முதல் கேள்வி. காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தேமாமீற்றர் வைத்துப் பார்க்கிற மாதிரி மூத்தவன் பெட்டியைப் பார்ப்பான். எழுபது என்றால் வீட்டில் கலகலப்பு. நாற்பது என்றால் மெதுவாகக் கதைப்பார்கள், சத்தத்துக்கும் கறன்ட் போகும் என்பதுபோல.

கூரையில் எட்டு சோலர் தட்டு, மொத்தம் 3,200 வாட். ஜூலையில் பகல் பதினொரு மணிக்கே பற்றரி நிரம்பி, மிச்ச வெயில் வீணாய்ப் போகும். அப்போது மூத்தவன் தாராளப் பிரபு: "அம்மா, தோசைக்கு அரையுங்கோ, உடுப்புத் தோயுங்கோ." டிசம்பரில் சூரியன் கந்தோருக்குப் பிந்தி வந்து முந்திப் போகிற கிளார்க் மாதிரி. பகலே எட்டு மணித்தியாலம்தான், அதிலும் மரத்துக்கு மேலே எழும்ப மாட்டார். மூட்டமான நாளில் முழு நாளுக்கும் ஒரு யூனிற்கூட வராது. ஒரு யூனிற் என்றால், 1,500 வாட் கேத்திலை நாற்பது நிமிஷம் போடலாம், அவ்வளவுதான்.

தண்ணீரோ கூரையில் விழுகிற மழை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் என்று பேரன் கணக்குச் சொல்லித் தந்தான். இந்தப் பக்கம் மழை எல்லாம் குளிர்காலத்திலேயே பெய்து தீர்ந்துவிடும், கோடையில் மண் பிளக்கும். ஆக, உடுப்புத் தோய்க்கக் கறன்ட் இருக்கிற மாதத்தில் தண்ணீர் இல்லை, தண்ணீர் வழிகிற மாதத்தில் கறன்ட் இல்லை. இதை யோசித்து வைத்த கடவுள் எந்தக் கடவுள் என்று தெரிந்தால் நேர்த்தியை அவருக்கே வைக்கலாம்.

நான் வந்த புதிதில் ஒருநாள் சம்பலுக்கு மிக்ஸியைப் போட்டேன். அடுத்த பக்கம் பிளேன் ரீக்குக் கேத்தில். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ப் பம்பும் தொடங்கியது. மோட்டார் என்றால் தொடங்கும்போது வழமையைவிடச் சில மடங்கு இழுக்குமாம். "டிக்" என்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. மூத்தவன் மேலே மீற்றிங்கில் இருந்தவன், "அம்மா, கேத்திலும் மிக்ஸியும் ஒண்டாப் போடப்படாது எண்டு எத்தனை தரம் சொன்னனான்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். கலியாண வீட்டில் இரண்டு சம்பந்திகளை ஒரே வாங்கில் இருத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கேத்திலுக்கும் அந்தச் சட்டம் என்று யார் கண்டது?

அந்த இருட்டில் எல்லாரும் ரோர்ச் தேடி ஓட, நான் குசினிக்குள் ஜாம் போத்தலைத் தேடினேன். உனக்கு விளங்கியிருக்கும். மாத்திரைப் போத்தலுக்குள் அடைத்து வருகிற பஞ்சை எடுத்து அடியில் வைத்தேன். மூத்தவனுடைய லாந்தருக்கு வைத்திருந்த எண்ணெயில் நாலு தேக்கரண்டி, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும். துண்டுக் கம்பியை வளைத்து நூல் திரியைச் செருகிப் போத்தலுக்குள்ளே இறக்கினேன். பற்றவைத்துவிட்டு மேசையில் வைத்தபோது என் கை தானாகவே போத்தலைச் சுவரோரம் நகர்த்தியது. படிக்கிற பிள்ளையின் கொப்பியில் நிழல் விழக்கூடாது என்று அம்மா நகர்த்துவாவே, அதே மாதிரி. அந்த நேரம் படித்துக்கொண்டு ஒரு பிள்ளையும் அங்கே இருக்கவில்லை.

மருமகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கனடாவில் பிறந்த பிள்ளை. "மாமி, நீங்கள் எத்தினை வருசம் ஓஃப் கிரிட்டிலை இருந்தனீங்கள்?"

"யாழ்ப்பாணத்திலை, தொண்ணூறு ஜூன் தொடக்கம் தொண்ணூற்றஞ்சு ஒக்ரோபர் இடம்பெயர்வு மட்டும்" என்றேன்.

"அஞ்சு வருசமோ! ஏன் கிரிட்டை விட்டனீங்கள்?"

"நாங்கள் விடேல்லை பிள்ளை. அதுதான் எங்களை விட்டிட்டுப் போனது."

பிறகு எல்லாம் கேட்டாள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ போட்டு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்டதைச் சொன்னேன். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது அண்ணாவுக்குக் கை உளைந்துவிடும், யார் செத்தது என்று தெரியாமல் போய்விடும் என்றும் சொன்னேன். சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தது, மண்ணெண்ணெயில் ஓடிய கேம்பிரிட்ஜ் காரை எழுப்பச் சொட்டுப் பெற்றோலை மருந்துபோல் ஊற்றியது, எல்லாம். அவள் கொப்பியில் எழுதினாள். அடுத்த ஞாயிறு பக்கத்துக் காணிக் கிழவியும் ஒரு வெறும் ஜாம் போத்தலோடு வந்துவிட்டா. "வேர்க்‌ஷொப்" வைக்கட்டாம். அந்த நாளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டவர்களுக்கு இது தெரிந்தால் கட்டணம் கேட்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கொட்டிலுக்குள் ஒரு பெற்றோல் ஜெனரேற்றர் மூடிக்கட்டிக் கிடக்கிறது. பற்றரி இருபதுக்குக் கீழே போனால் மூத்தவன் திருடன்போலப் போய் அதை முடுக்குவான். அயலார் காதில் சத்தம் விழக்கூடாதாம், மானம் போய்விடுமாம். எங்கள் கொட்டிலில் பங்கர்தான் இருந்தது.

கக்கூஸைப் பற்றி எழுதாமல் விட்டால் நீ ஃபோனில் கேட்பாய். தண்ணீர் இல்லை. கீழே வாளி, பக்கத்தில் மரத்தூள். போனபின் ஒரு கரண்டி தூள் தூவ வேண்டும். மணம் இல்லை, சத்தியமாய். ஜோசப் ஜென்கின்ஸ் என்றொரு அமெரிக்கர் 1994இல் இதற்கென்றே புத்தகம் எழுதியிருக்கிறார். மூத்தவன் அதைத் தேவாரப் புத்தகம்போல மேசையில் வைத்திருக்கிறான். கிழமைக்கு இரண்டு தரம் வாளியைத் தானே தூக்கிப்போய்க் குவியலில் கொட்டி வைக்கோல் மூடுகிறான். ஒரு வருஷத்துக்கு மேலே ஆறவிட்டால்தான் உரம். யாழ்ப்பாணத்தில் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் விடியமுன் பின்படலையால் ஒருவர் வந்து தூக்கிப்போவாரே. அவருடைய பெயர் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. ஞாபகம் இருக்க, நாங்கள் கேட்டிருக்க வேண்டும். எஞ்சினியர் மகன் வாளியோடு போகிறதைப் பார்க்க முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. இப்போது கதவைத் திறந்து பிடிக்கிறேன்.

2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கறன்ட் வெட்டினபோது, காஸும் இல்லாமல் நீ பல்கனியில் மூன்று கல் வைத்து விறகு எரித்துச் சோறு காய்ச்சினாய். கீழ்வீட்டு அன்ரி புகை வருகிறது என்று சண்டைக்கு வந்தாவே. இங்கே அதே வேலைக்கு வார்ப்பிரும்பு அடுப்பு. அது ஒரு பக்கம் சோறு அவிக்கும், மறுபக்கம் வீட்டைச் சூடாக்கும். முதல் மாதம் சோறு அடிப்பிடித்தது. இப்போது கையை மேலே பிடித்தே சூடு அறிகிறேன். குத்தரிசிக்கு எந்தக் கறன்ட் அடுப்பும் இதற்குக் கிட்ட வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மிக்ஸியை நம்பிச் சீவிக்க முடியாது. உன் பல்கனியில் துளசிச் சட்டிக்குக் கீழே கிடக்கிறதே அம்மாவின் அம்மி, அது எனக்கு வேண்டும். சிரிக்காதே. கூலி கூட வரும் என்று தெரியும், காசை நான் அனுப்புகிறேன். குழவியைத் தனியாகச் சுற்றி அனுப்பு, சேர்த்துக் கட்டினால் வழியில் உடைந்துவிடும். காலி வீதியில் பார்சல் கட்டுகிற பெடியன்கள் "அன்ரி, கல்லோ?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல். படகுத்துறையிலிருந்து மூத்தவன் தூக்கி வருவான், வாளி தூக்கிப் பழகிய கைதானே.

துளசிச் சட்டிக்கு வேறு ஏதும் வைத்துக்கொள். விளக்குத் திரி நூலும் இரண்டு உருண்டை வை. போத்தல் இப்போது மூன்று வீட்டில் எரிகிறது, இங்கே கிடைக்கிற நூல் எல்லாம் நைலோன்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: இப்போது பற்றரி இருபது வீதத்துக்குக் கீழே. மூத்தவன் சப்பாத்துப் போடுகிறான். கொட்டிலுக்குத்தான் போகிறான், நான் பார்க்காதமாதிரி இருக்கிறேன்.