கட்டுப்படியாகாத கட்டு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர் விவரமானவர். தாலியும் கட்டுவதுதான். இரண்டுக்கும் 'கட்டு' என்றே போட்டிருந்தால் ஆட்கள் உஷாராகிவிடுவார்கள் என்று ஒன்றை மட்டும் மாற்றிவிட்டார்.

மனை வாங்கினேன். முத்திரைத் தீர்வை கட்டினேன். பதிவுக் கட்டணம் கட்டினேன். வரைபட அனுமதிக்கு ஒரு தொகை, மின் இணைப்புக்கு டெபாசிட் என்று அவற்றையும் கட்டினேன். ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை. அதற்குள் நான் பாதி கட்டி முடித்திருந்தேன்.

"கம்பி கட்டுற ஆள் திங்கக்கிழமை வந்துடுவான் சார்" என்றார் மேஸ்திரி. திங்கட்கிழமை ஆள் வரவில்லை, காரணம் வந்தது. செவ்வாய்க்கிழமை வேறு காரணம். கம்பி கட்டுற கதை என்று ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்!

ஒருவழியாக ஆள் வந்தார். குந்தி உட்கார்ந்து, 18 கேஜ் கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, முறுக்குக் கம்பியும் ரிங்கும் சேரும் இடத்தில் குறுக்காகக் கொடுத்து, கொக்கியை மாட்டி இரண்டு சுழற்று. அடுத்த முடிச்சு. நூல் மாதிரி இருக்கும் இதுவா வீட்டைத் தாங்கப்போகிறது என்று இன்ஜினீயரிடம் கேட்டேன்.

"இது எங்க சார் தாங்கும்? கான்கிரீட் இறுகுற வரைக்கும் கம்பி நகராம புடிச்சுக்கும், அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் அதுக்கு வேலை இல்ல. உள்ளேயே கெடக்கும்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

தளம் போட்ட மறுநாள், மேலே சிமென்ட் கலவையில் பாத்தி கட்டினார்கள். "தண்ணி கட்டிக்கிட்டே இருங்க சார், காயவே கூடாது" என்று உத்தரவு. கான்கிரீட்டுக்கு 28ஆம் நாள் கணக்கு. அன்று சோதித்தால் பலம் தெரிந்துவிடும். கடன் கொடுத்த வங்கிக்கு அப்படியொரு நாள் கிடையாது. மாதாமாதம் கட்டுபவனின் பலத்தை அது சோதித்துக்கொண்டே இருக்கும்.

கிரகப்பிரவேசத்துக்கு மாமா வந்தார். "எங்க வீட்ல ரெண்டாம் கட்டுலயே கிணறு இருக்கும். உனக்கு வாசல்ல நின்னா கொல்லை தெரியுது" என்றார். பிறகு சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ளே, எல்லாம் கட்டுப்படியாச்சா?"

இத்தனை கட்டிலும் அது ஒன்றுதான் ஆகவில்லை.