ஏழாம் நம்பர் பையன்

சிட்னியில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும், ஊரில் உள்ள அத்தனை பேரும் யாரோ ஒரு வீட்டுப் பையனுக்குப் பெரியப்பா ஆகிவிடுவார்கள். பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். முதுகில் 7 என்று எழுதியிருக்கும். ராத்திரி நேரத்தோடு தூங்குகிறானா, யாரோடு சுற்றுகிறான், இடது காலால் உதைக்க ஏன் இத்தனை பயம், இவனை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று திங்கட்கிழமை காலை லிஃப்டில் ஏறும்போதே ஆரம்பிப்பார்கள். அக்டோபர் வரை ஓயாது.

விளையாட்டின் பெயர் ரக்பி லீக். நம்மில் ரக்பி பார்த்தவர்கள் பெரும்பாலும் பார்த்தது பதினைந்து பேர் ஆடும் யூனியன். லீக் என்பது அதன் பங்காளி. ஆட வருவதற்காக வேலைக்கு மட்டம் போட்டவனுக்கு நாள்கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்ற தகராறில், 1895இல் வட இங்கிலாந்தில் பாகம் பிரித்துக்கொண்டு போனது. சிட்னியில் 1908 முதல் நடக்கிறது. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிராளி கட்டிப்பிடித்துச் சாய்ப்பான்; அதுதான் டேக்கிள். எழுந்து மறுபடி ஓட வேண்டும். ஆறாவது முறையும் சாய்ந்தால் பந்து அவர்களுக்கு. ஆகவே நூற்றுப்பத்து கிலோ ஆசாமிகள் ஐந்து முறை மோதி விழுந்த பிறகு, பந்து ஹாஃப்பேக் என்கிற ஏழாம் நம்பரிடம் வந்து சேரும். பெரும்பாலும் அணியிலேயே சின்ன உடம்புக்காரன் அவன்தான். உயரத் தூக்கி அடிப்பதா, தரையோடு உருட்டிவிடுவதா, பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவதா, தானே ஓடுவதா என்று முடிவு செய்ய அவனுக்கு ஒரு விநாடி. அதைப் பற்றிப் பேச நமக்கு ஒரு வாரம்.

நான் ஹோம்புஷ் வாசி. ஆகவே வெஸ்ட்ஸ் டைகர்ஸ். அவர்கள் பயிற்சி எடுக்கும் கான்கார்ட் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த ஊரில் அணியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வாடகைக்கு வீடு எங்கே கிடைக்கிறதோ அதுதான் அணி. இன்னும் கொஞ்சம் மேற்கே, நம்மவர்கள் நிறைந்த வென்ட்வொர்த்வில்லில் வீடு அமைந்திருந்தால் பாராமட்டா ஈல்ஸ் ரசிகனாகி, 1986க்குப் பிறகு கோப்பையையே காணாத கூட்டத்தில் சேர்ந்திருப்பேன். டைகர்ஸ் கடைசியாக ஜெயித்தது 2005இல். எங்களுக்கு இதிலே ஒரு பெருமை.

பெரியப்பாக்கள் கையில் அகப்பட்ட பையன்களில் முதல் இடம் லூக் புரூக்ஸுக்குத்தான். 2013இல், பதினெட்டு வயதில், சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் முதல் ஆட்டம். ஆடி முடித்த கையோடு 'அடுத்த ஆண்ட்ரூ ஜான்ஸ்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். ஆண்ட்ரூ ஜான்ஸ் என்பவர் நியூகாசில் அணிக்கு இரண்டு கோப்பை வாங்கிக்கொடுத்து, பிற்பாடு இந்த விளையாட்டின் 'அமரர்கள்' வரிசையிலும் சேர்க்கப்பட்டவர். (பதற வேண்டாம், ஆள் உயிரோடுதான் இருக்கிறார். இவர்கள் வழக்கம் அப்படி.) பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிப்ரவரியிலும் 'இந்த வருஷம் அவன் வருஷம்' என்பார்கள். ஜூனில் 'இன்னும் சின்னப் பையன்தானே' என்பார்கள். ஆகஸ்டில் 'எத்தனை நாளைக்குத்தான் சின்னப் பையன்?' என்பார்கள். இப்படியே பத்து வருஷம் ஓடியது. மேலே இருக்கும் எட்டு அணிகளுக்குத்தான் செப்டம்பரில் ஃபைனல்ஸ் ஆட்டங்கள் உண்டு. டைகர்ஸ் 2016இல் ஒன்பதாவது. 2018இல் ஒன்பதாவது. 2019இலும் ஒன்பதாவது. ஒன்பதாம் இடத்துக்கு ஒரு கோப்பை வைத்திருந்தால் புரூக்ஸுக்கு ஊரில் சிலை வைத்திருப்பார்கள். ஒன்பதாவதாக வந்த அந்த 2018இல் லீக்கின் சிறந்த ஹாஃப்பேக் என்று விருது வாங்கியவரும் அவரேதான்.

எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் ஒரே ஒரு மைக்ரோவேவ். என் சாம்பார் சாதம் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் மூன்று நிமிஷத்தில் பையனின் எதிர்காலம் தினமும் தீர்மானமாகிவிடும். கட்டட மராமத்து பார்க்கிறவர் இளவயதில் முன்வரிசையில் ஆடியவர். காது மடல் இரண்டும் மடங்கிக் கெட்டித்துப்போயிருக்கும். அவர் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: "ஃபார்வர்டுகள் சரியில்லை." அதாவது, முன்னால் மோதுகிறவர்கள் பத்து மீட்டர் முன்னேற்றிக் கொடுத்தால் ஹாஃப்பேக் நின்று நிதானமாக உதைக்கலாம், அவர்களே பின்னுக்குத் தள்ளப்பட்டால் பிள்ளை என்ன செய்யும்? கணக்குப் பிரிவு அம்மாள் பால்மெயினில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஊர் அணி மேற்குப் புறநகர் அணியோடு சேர்ந்து வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆவதற்கு முன்னால், 1989 இறுதி ஆட்டத்தில் பால்மெயின் அடித்த ஒரு ஃபீல்ட் கோல் குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது; பிறகு கூடுதல் நேரத்தில் கான்பராவிடம் 19–14 என்று தோற்றார்கள். அம்மாள் இன்றுவரை அந்தக் கம்பத்தை மன்னிக்கவில்லை. இளசுகளை ஒரு வருஷமாவது இரண்டாம் அணியில் போட்டுப் புடம்போட வேண்டும் என்பது அவர் கட்சி. மூன்றாமவர் கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பி. உதைத்த தூரம், தவறவிட்ட டேக்கிள் என்று போனில் வைத்துக்கொண்டு, ஜூன் பிறந்ததும் இருக்கிற ஹாஃப்பேக்கை விற்றுவிடச் சொல்வார். அவர் பொறுப்பில் விட்டால் வாரம் ஒரு ஹாஃப்பேக்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணையின் நோக்கே வேறு. விக்டோரியா சாலை நெரிசலில் காரை நிறுத்திவிட்டு நடந்து லைக்ஹார்ட் மைதானத்துக்கு என்னை முதலில் கூட்டிப்போனவர் அவர்தான். அங்கே வேய்ன் பியர்ஸ் மேடு என்று ஒரு புல்சரிவு. மழை பெய்தால் வேட்டி கட்டியவன் உட்கார முடியாது, பேன்ட் போட்டவன் எழுந்திருக்க முடியாது. கையில் இறைச்சி அடைத்த, பை என்கிற சூடான பலகாரம், அதன் நடுவில் ஓட்டை போட்டுப் பிதுக்கிய தக்காளி சாஸ். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர். ஐந்தாவது டேக்கிள் முடிந்து பந்து பையனிடம் போகும்போது "உதைடா! உதை!" என்று அலறுவார். அவன் உதைப்பான். "ஏன்டா உதைத்தாய்?" என்று அலறுவார். பந்து கால்விரலை விட்டுக் கிளம்பியிருக்காது, இரண்டும் வந்துவிடும். (அவர் கத்தியது ஆங்கிலத்தில், இடையில் வந்த பெயரடைகளை ஆசிரியர் நலன் கருதி விட்டுவிட்டேன்.)

"தம்பி, உந்தப் பெடியனில பிழையில்லை" என்றார் அண்ணை, சாஸைத் துடைத்துக்கொண்டே. "கோச் ஒருத்தன் போக மற்றவன் வாறான். எங்கட பிள்ளையளுக்குக் கணக்கு மாஸ்டர் இப்பிடி மாறிக்கொண்டிருந்தால் ஏ லெவல் பாஸ் பண்ணுவினமோ?"

"பண்ண மாட்டாங்க அண்ணை."

"அப்ப ஏன் அந்தக் கிழவன் கத்துறான்?"

எண்ணிப் பாருங்கள். 2013க்கும் 2023க்கும் இடையில் புரூக்ஸுக்கு வாய்த்த தலைமைக் கோச்சுகள், இடைக்காலத்துக்கு வந்தவர்களையும் சேர்த்து, ஏழு பேருக்குக் குறையாது. ஏழாம் நம்பருக்கு ஏழு வாத்தியார். அவர்களில் ஐவன் கிளியரி வந்த புதிதில், யார் யார் பஸ்ஸில் ஏறுகிறீர்கள், யார் இறங்குகிறீர்கள், முடிவு செய்துகொள்ளுங்கள் என்ற பாணியில் ஒரு பேச்சுப் பேசினார். அப்போது நான்கு நட்சத்திரங்களின் ஒப்பந்தம் ஒரே நேரத்தில் முடிகிற தறுவாய். டெடெஸ்கோ, வுட்ஸ், மோசஸ் மூவரும் இறங்கிவிட்டார்கள். புரூக்ஸ் மட்டும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் முடிவதற்குள் டிரைவரே இறங்கி பென்ரித் அணிக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய சொந்த மகன் நேதன் ஹாஃப்பேக். அப்பாவும் பிள்ளையுமாக 2021 முதல் 2024 வரை வரிசையாக நான்கு கோப்பை. டெடெஸ்கோ சிட்னி ரூஸ்டர்ஸுக்குப் போய் 2018, 2019 இரண்டிலும் கோப்பை தூக்கினார். டைகர்ஸ் ரசிகனுக்கு இந்த வரலாற்றை யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

2022இல் டைகர்ஸ் கடைசி இடம். கடைசியாக வருகிறவர்களுக்கு இங்கே மரக்கரண்டி என்று பெயர். 2023இலும் கரண்டி. எல்லாப் பெரியப்பாக்களும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: புரூக்ஸ்தான் காரணம். அவரும் அந்த வருஷக் கடைசியில் மேன்லி அணிக்குப் போனார். சாப்பாட்டு அறையில் அன்று கேக் வெட்டாத குறை. 2024இல் காரணம் மேன்லியில் ஆடிக்கொண்டிருந்தது; கரண்டி மூன்றாவது முறையாக எங்கள் வீட்டுக்கே வந்தது. டைகர்ஸுக்காக 200 ஆட்டங்களுக்கு மேல் ஆடி ஒரு ஃபைனல்ஸ் ஆட்டத்தைக்கூடக் காணாத அந்த மனிதர், மேன்லிக்குப் போன முதல் வருஷமே ஆடினார். கான்டர்பரியை 24–22 என்று ஜெயிக்கவும் செய்தார்கள். அன்று அவர் போட்டிருந்தது ஆறாம் நம்பர். ஏழு வேறொருவர் முதுகில் இருந்தது. பெரியப்பா யாரும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டைகர்ஸுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. பிரிஸ்பேன் பிராங்கோஸ் தன் வரலாற்றிலேயே முதல்முறை கரண்டி வாங்கியது 2020இல். அந்த அணியில் டாம் டியர்டன் என்ற பொடியனும் புரோடி குராஃப்ட்டும் ஹாஃப்பேக்காக ஆடி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இருவரும் வெளியேறினார்கள். குராஃப்ட் இங்கிலாந்தில் சால்ஃபோர்டு அணிக்குப் போய் 2022இல் அந்த நாட்டு லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். டியர்டன் வடக்கே டவுன்ஸ்வில்லுக்குப் போனவர், 2025இல் குவீன்ஸ்லாந்து மாநில அணியின் ஏழாம் நம்பர், நியூ சவுத் வேல்ஸோடு மோதும் மாநிலத் தொடரையும் ஜெயித்தார்கள். பாராமட்டா போன மிட்செல் மோசஸையும் பல வருஷம் 'பெரிய ஆட்டத்துக்கு ஆகமாட்டான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024இல் பிரிஸ்பேனில் நடந்த மாநிலத் தொடரின் தீர்மான ஆட்டத்தில் நியூ சவுத் வேல்ஸ் ஜெயித்தபோது ஏழாம் நம்பர் அவர்தான். பாராமட்டாவில் அவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தவர் சாட்சாத் ஆண்ட்ரூ ஜான்ஸ். அண்ணையிடம் இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியே, டியூசன்!"

கணக்குப் பிரிவு அம்மாள் கட்சிக்கும் சாட்சி உண்டு. ரூஸ்டர்ஸின் சாம் வாக்கர் 2021இல் பதினெட்டு வயதில் வந்து கலக்கியவர். 2023இல் கீழ் அணிக்கு இறக்கிவிட்டார்கள். திரும்பிவந்து, செப்டம்பரில் குரோனுல்லாவுக்கு எதிரான வாழ்வா சாவா ஆட்டத்தில் 13–12 என்று ஜெயிக்க வைத்த அந்த ஒற்றைப் புள்ளியை உதைத்ததும் அவர்தான்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. கோல்டு கோஸ்ட்டின் ஆஷ் டெய்லர் 2016இல் ஆண்டின் சிறந்த புதுமுகம். பிறகு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தத் தொகை அவரைவிட்டு நகரவே இல்லை. ஒரு பாஸ் தவறினால் ஊரே அதை டாலரில் வகுத்துச் சொன்னது. இடுப்பு வலியோடு 2022இல் ஓய்வுபெற்றார். வயது இருபத்தேழு. அவரைப் பற்றி மட்டும் சாப்பாட்டு அறையில் யாரும் கிண்டலாகப் பேசி நான் கேட்டதில்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஹாஃப்பேக் வேலை கால் வேலை இல்லை, ஞாபக வேலை. எதிர்வரிசை எப்போது வேகமாக ஏறி வரும், மூலையில் நிற்கிறவன் எந்தப் பக்கம் திரும்பச் சோம்பல்படுவான் என்பதெல்லாம் நூறு ஆட்டம் அடிபட்டால்தான் தலையில் ஏறும். 2025இல் பிரிஸ்பேன் கோப்பை வாங்கியபோது அதன் ஏழாம் நம்பர் ஆடம் ரேனால்ட்ஸுக்கு வயது 35. நேதன் கிளியரி இருபத்து மூன்றில் தூக்கினாரே என்பீர்கள். முன்னால் அப்பேர்ப்பட்ட ஃபார்வர்டு பட்டாளமும், வேலையைவிட்டு ஓடாத கோச்சும் கிடைத்தால் இன்னும் பலர் தூக்குவார்கள். பதினெட்டு வயதில் சட்டையைக் கொடுத்துவிட்டு, இருபத்தொன்றில் பிடுங்கி, இருபத்தாறில் அவன் வேறு ஊரில் ஜொலிக்கும்போது 'நான் அப்போதே சொன்னேன்' என்பது அணி நடத்துகிற லட்சணம் இல்லை.

இதை மைக்ரோவேவ் முன்னால் நான் சொன்னபோது கம்ப்யூட்டர் தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நூறு ஆட்டம் என்றால் நான்கைந்து சீசன். அத்தனை காலம் அவர் எதைத்தான் விற்பார், பாவம்.

நீங்கள் குளிர்காலத்தில் சிட்னிப் பக்கம் வர நேர்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் "எங்கள் ஏழாம் நம்பரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். எந்த அணி, எந்தப் பையன் என்று விசாரிக்கவும் வேண்டாம். தலையை மெல்ல ஆட்டி, "ஃபார்வர்டுகள் சரியில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். பாதிக்கு மேல் அதுதான் உண்மை. பீரும் அவரே வாங்கிக் கொடுப்பார்.